மூவீசக் குழாய்

பினாங்கில், பாடாங் கோத்தா லாமாவின் கடலோரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சில சமயம் பழைய காடிகள் வரிசை கட்டி நிற்கும். மோரிஸ் மைனர், ஆஸ்டின், ஃபோக்ஸ்வாகன் பீட்டில், எப்போதாவது ஒரு வால்வோ அமேசான். வந்தவர்கள் குரோமியப் பம்பரில் முகம் பார்ப்பார்கள். பிள்ளைகளை மட்கார்டோரம் நிறுத்திப் படம் எடுப்பார்கள். கேட்டால் சொந்தக்காரர் பானெட்டைத் தூக்கிக் காட்டுவார். மல்லாந்து படுத்து அடிப்பக்கம் பார்க்கிறவரை நான் கண்டதில்லை. பார்த்தால் அங்கே சேஸிஸ் ஓரத்தை ஒட்டி மெல்லிய குழாய் ஒன்று முன்னிருந்து பின்னுக்கு ஓடும். வெளிவிட்டம் 3/16 அங்குலம். நம் தாத்தாக்கள் மனப்பாடம் செய்த பின்னவாய்பாட்டில் இந்த அளவுக்கு மூவீசம் என்று பெயர். சுவரின் கனம் 0.7 மில்லிமீட்டர். பெடலை மிதித்தால் வண்டி நிற்குமா என்பது இதன் கையில் இருக்கிறது.

பழையதைக் காப்பது பற்றி இந்த ஊரில் பேசாதவர் இல்லை. 2008 ஜூலையில் யுனெஸ்கோ, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை உலக மரபுடைமைப் பட்டியலில் ஏற்றியபின் அந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. சன்னலுக்கு எந்தப் பச்சை, கூரைக்கு எந்த ஓடு என்று கூட்டம் போட்டு வாதிக்கிறார்கள். பழைய காடிக்காரர்களின் வாதமும் இதே ஜாதிதான். ஸ்டியரிங் அசலா, சீட்டின் தோல் அசலா, பெயின்ட் அந்த ஆண்டு கம்பெனி அடித்த நிறம்தானா. இந்த வாதத்தை மூவீசக் குழாயிடம் கொண்டுபோனால் அசல் என்ற அளவுகோல் கையிலேயே வளைந்துவிடுகிறது. எனக்குச் சொல்ல இருப்பது அதைப் பற்றித்தான்.

மோரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். என் வீட்டில் நிற்பதும் அதுதான், 1098 சிசி என்ஜின் வைத்தது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த காடி. 1970களின் தொடக்கம்வரை ஏறத்தாழ 16 லட்சம் வண்டிகள் செய்தார்கள். மலாயாவில் பள்ளிக்கூட ஆசிரியர்களும் தோட்டத்துக் கிராணிமாரும் கடனுக்கு வாங்கிக் குடும்பத்தை அடைத்துக்கொண்டு கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் போன வண்டி. அதன் மாஸ்டர் பம்பு பானெட்டுக்குள் கிடையாது. ஓட்டுகிறவரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே சேஸிஸ் சட்டத்தின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. பிரேக் ஆயில் ஊற்ற வேண்டுமானால் காலடிக் கம்பளத்தை உரித்து, தரையிலுள்ள அடைப்பைக் கழற்றி, புனல் வைக்க வேண்டும். அந்தப் பம்பைக் கழற்றப்போனால் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி போல்ட்டுக்குக் குறுக்கே நிற்கும். இஸிகோனிஸை மேதை என்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் அவர் வடிவமைத்த பம்பைக் கழற்ற வேண்டிய மெக்கானிக்கிடம் கேட்டால் வேறு சில சொற்களும் வரும்.

பம்பிலிருந்து புறப்படும் குழாய் ஒரு கிளையாக முன்சக்கரங்களுக்கும் இன்னொரு கிளையாகப் பின்னச்சுக்கும் போகிறது. சக்கரம் குதிக்கும் திரும்பும் என்பதால் கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு ரப்பர் ஹோஸ்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. மற்றதெல்லாம் விறைப்பான உலோகக் குழாய். முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சின்னப் பம்புகள் உண்டு. அவற்றை இணைக்க விரல் நீளத்தில் வளைந்த குழாய் ஒன்று டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. எல்லாவற்றிலும் செய்யச் சள்ளை பிடித்தது அதுதான். நீளம் குறையக் குறைய வளைவில் தப்புக்கு இடம் குறைகிறது.

கால் கொடுக்கும் அழுத்தத்தைத் திரவத்தின் வழியே சக்கரத்துக்கு அனுப்பலாம் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் சொன்ன விதியிலேயே இருக்கிறது. அதைக் காடியில் பூட்டியவர் மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர். சகோதரர்களோடு சேர்ந்து விமானம் செய்தவர். லாக்ஹீட் விமான நிறுவனப் பெயரின் மூலம் அந்தக் குடும்பம். அவருடைய ஹைட்ராலிக் பிரேக்குக்கு 1917இல் காப்புரிமை கிடைத்தது. 1921இல் டூசன்பர்க் காடியில் வந்தது. 1924இல் கிரைஸ்லர் அதை நடுத்தர விலைக் காடிக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் பெரும்பாலும் கம்பியும் இழுவைத் தண்டும்தான். ஒரு பக்கம் அதிகம் பிடித்தால் வண்டி சாலையைக் குறுக்கே அளக்கும். லாக்ஹீட்டின் முதல் அமைப்பில் பதனிடாத தோலால் ஆன அடைப்புகள் இருந்தன, கசிந்தன. கிரைஸ்லர் பொறியாளர்கள் அதை மாற்றி ரப்பர் கிண்ணம் வைத்தார்கள். ரப்பர் கெடாமல் இருக்க வேண்டுமே என்பதால் அந்தக் காலத்துப் பிரேக் ஆயிலில் சாராயமும் விளக்கெண்ணெயும் கலந்திருந்தன. ஆம், குழந்தைகளுக்கு மூக்கைப் பிடித்துக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. 1920களில் உலகத்தின் ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவில் வடிந்தது. அதைத் தோட்டங்களில் விடியற்காலையில் சீவி வாளியில் எடுத்தவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். பழைய எஃகுக் குழாயின் மேலே துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு உண்டு. காரீயமும் வெள்ளீயமும் கலந்தது. மலாயாவின் வெள்ளீயத்தை உருக்கிய பெரிய உலைகளில் ஒன்று பினாங்கில், டத்தோ கெராமட் சாலையில் இருந்த ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங். அந்த இடத்தில்தான் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் என்ற வணிக வளாகம் நிற்கிறது. எந்தக் காடியின் எந்தக் கிண்ணத்தில் எந்தத் தோட்டத்துப் பால் என்று சொல்ல முடியாது. ஆனால் இங்கிலாந்தில் பிறந்த வண்டி, இங்கிலாந்து நாகரிகம் என்று சொல்லி மைனரைத் தடவிக் கொடுக்கிறவர்களுக்கு, அதை நிறுத்துகிற பொருள்கள் எந்தத் திசையிலிருந்து போயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தக் குழாய்க்கு எமன் தண்ணீர். அது இரண்டு வழியாக வருகிறது. வெளியே கடல்காற்றின் உப்பும் மழையும். குழாயைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் ஈரம் தங்கி, அங்கேதான் முதலில் துரு அரிக்கும். மேலே பார்த்தால் குழாய் நன்றாக இருக்கும்; கிளிப்பைத் தூக்கினால் செதில் செதிலாக உதிரும். உள்ளே வருகிற தண்ணீர் இன்னும் நைச்சியமானது. இன்று நாம் ஊற்றும் கிளைக்கால் வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 4 ஆயில் டப்பாவைத் திறந்ததும் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஏறத்தாழ நூற்றுக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பாலிக் பூலாவிலிருந்து துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் ஏறி, பாயா தெருபோங் பக்கம் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் காலில் தெரியும். ஆயில் கொதித்தால் ஆவி. ஆவி அழுத்தத்துக்கு நசுங்கும். பெடல் தரையைத் தொடும். அந்தத் தண்ணீரே நிற்கும் நாட்களில் குழாயை உள்ளிருந்து அரிக்கவும் செய்கிறது. ஆண்டு முழுக்க ஈரக்காற்று வீசும் தீவில், டப்பாவில் எழுதியிருக்கும் இரண்டு ஆண்டுக் கெடுவை நம்புவதற்கில்லை.

மைனர் ஒற்றைச் சுற்றுப் பிரேக். எந்த இடத்தில் ஓட்டை விழுந்தாலும் நான்கு சக்கரமும் போயிற்று, மிச்சம் கைப்பிரேக்தான். அவசரத்தில் மிதிக்கும்போது இந்தக் குழாய்க்குள் ஒரு சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு அழுத்தம் எளிதாக எழும். அதே வண்டியின் டயரில் இருப்பது முப்பது பவுண்டுக்கும் கீழே. மலேசியாவில் தனியார் காடிக்கு ஆண்டுச் சோதனை கிடையாது. பெரும்பாலும் பெயர் மாற்றும்போதுதான் சோதனை நிலையத்தின் பக்கம் போக வேண்டும். அப்பாவிடமிருந்த வண்டியைப் பெயர் மாற்றாமலே மகன் ஓட்டிக்கொண்டிருந்தால், அதன் குழாயை வேறொருவர் கண்ணால் பார்த்துப் பல பத்தாண்டு ஆகியிருக்கலாம்.

குழாய் மாற்றும் வேலையை நான் கிட்டே நின்று பார்த்தது ஜெலுத்தோங்கில் ஒரு சந்துப் பட்டறையில். அதற்கு முன் அந்தப் பட்டறை நகருக்குள்ளே ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையைக் கட்டிவைத்திருந்த சட்டம் 1999 முடிவோடு விலக்கப்பட்டபோது நகருக்குள்ளிருந்த தச்சர், தகரவேலைக்காரர், மெக்கானிக் என்று பலர் கிளம்பினார்கள். அவர்கள் இருந்த வீடுகளில் பல இப்போது காப்பிக்கடை, தங்கும் விடுதி. மரபைக் காட்டி வந்த பணம், மரபுப் பொருளைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களை ஊருக்கு வெளியே தள்ளியது. இதைப் பலர் எழுதியாயிற்று, நான் நீட்டவில்லை.

பட்டறை அண்ணனுக்கு எழுபதை நெருங்கும் வயது. பழைய குழாயைக் கழற்றி நான் குப்பை டின் பக்கம் கொண்டுபோனபோது சத்தம் போட்டார்.

"தம்பி, அத எங்க கொண்டு போறீங்க? அதான் பிளான். கீழ வைங்க."

"துருப்பிடிச்சுப் போச்சேண்ணே."

"துருப்பிடிச்சா என்ன, வளைவு துருப்பிடிக்குமா?"

இந்த வேலைக்கு வரைபடம் அந்தப் பழைய குழாய்தான். அது உடைந்து வந்தால் வெல்டிங் கம்பியைக் குழாய் போன வழியிலேயே வளைத்து அளவு எடுக்கிறார். பழைய வளைவுகளை உற்றுப் பார்த்தால் அதற்கு முன் கைவைத்தவரின் புத்தியும் தெரிகிறது. புகைபோக்கிக் குழாயைக் கண்டு ஒதுங்கிய இடம் கம்பெனி செய்தது. அச்சின்மேல் காரணமில்லாமல் ஒரு சுற்று சுற்றியிருந்தது யாரோ நீளம் தவறி வெட்டி, மிச்சத்தை மறைத்தது. அண்ணன் முதலாவதை அப்படியே எடுத்துக்கொண்டார். இரண்டாவதை நேராக்கினார்.

புதுக் குழாய் சுருளாக வருகிறது. மரப்பலகைமேல் வைத்து, இன்னொரு பலகையால் உருட்டி நேராக்குகிறார். வெட்ட ரம்பம் கிடையாது. சின்னச் சக்கரக் கத்தியைக் குழாயைச் சுற்றி ஓட்டி, சுற்றுக்குக் கொஞ்சமாக இறுக்கி வெட்டுகிறார். அவசரப்பட்டு இறுக்கினால் வாய் உள்ளே சுருங்கிவிடும். வெட்டிய வாயை அரத்தால் சமன் செய்து, உட்பிசிறைச் சீவி எடுத்து, ஊதிப் பார்க்கிறார். ஒரு துகள் உள்ளே தங்கினால் அது நேராகப் போய்ப் பம்பின் ரப்பரைக் கிழிக்கும். அதற்குப் பிறகு நட்டு. வாய் மடிக்குமுன் நட்டைக் குழாயில் கோத்தாக வேண்டும், முகம் சரியான பக்கம் பார்க்க வேண்டும். உலகத்தில் இந்த வேலை செய்தவர் எவரும் ஒருமுறையாவது நட்டை மறந்து, அழகாக மடித்த வாயை வெட்டி எறிந்தவர்தான் என்று அண்ணன் சொன்னார்.

வாய் மடிப்பதுதான் இதில் உயிரான இடம். குழாயை இரண்டு பாதி அச்சுக்கட்டைகளுக்கு நடுவே இறுக்குகிறார். வாய் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்குக் கருவியிலுள்ள குமிழின் படியே அளவு. முதலில் அந்தக் குமிழை வாயில் வைத்துத் திருகுகிறார். உலோகம் வெளியே பிதுங்கி, விளிம்பு உள்நோக்கித் திரும்புகிறது. குமிழை எடுத்துவிட்டுக் கூம்பு முனையை வைத்து மறுபடி திருகும்போது, திரும்பிய விளிம்பு தன்மேலேயே படிந்து, வேட்டிக்கரையை மடித்துத் தைத்ததுபோல் இரட்டைச் சுவராகிறது. 45 டிகிரி சாய்வு. ஒற்றை மடிப்பு பார்க்க இதேபோல் இருக்கும், சீக்கிரமும் முடியும். ஆனால் நட்டு இறுகும்போது விளிம்பு மெலிந்து வெடிக்கும். பிரேக்குக்கு அந்த ஒற்றைக் கூம்பு மடிப்பு ஆகாது. அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வாயை வெளிச்சத்தில் சுழற்றிப் பார்க்கிறார். மயிரிழை வெடிப்பு, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஓரம், கருவி விட்ட கீறல், எது இருந்தாலும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி. அதனால் எப்போதும் கொஞ்சம் நீளமாகவே வெட்டிவைக்கிறார்.

இதில் பிரிட்டிஷ் காடிக்காரர்களைச் சோதிக்க இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. வெளிப்புரி நட்டு பூட்டும் முனைக்குக் குமிழ்போல் வெளியே புடைத்த வாய்; உட்புரி நட்டு பூட்டும் முனைக்கு உள்ளே குழிந்த இரட்டை மடிப்பு. ஒரே குழாயின் இரண்டு முனையும் இரண்டு விதமாக இருக்கலாம். நட்டின் புரி 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. ஜப்பான் காடியின் நட்டு 10 மில்லிமீட்டர். அவசரத்துக்கு 3/8 நட்டை 10 மில்லிமீட்டர் துளையில் வைத்தால் விரலுக்குச் சுகமாகவே ஏறும். ஸ்பேனர் போட்டு இறுக்கும்போதுதான் புரி உரியும். சில சமயம் அப்போதும் உரியாது, சாலையில் உரியும். இந்தப் பழைய நட்டுக்கு 7/16 அங்குல ஸ்பேனர் வேண்டும். தலையை முழுக்க அணைத்துப் பிடித்து, குழாய் நுழைய மட்டும் வாய் திறந்த வகை. கடைகளில் எல்லாம் மில்லிமீட்டர் ஆகிவிட்டது. அண்ணனுடையது லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில், துருப்பிடித்த குவியலுக்குள்ளிருந்து ஐந்து வெள்ளிக்குப் பொறுக்கியது.

இனி அந்த அசல் விவகாரம். கம்பெனி போட்டது எஃகுக் குழாய். செம்பு பூசிய எஃகு நாடாவை இரண்டு சுற்றாகச் சுருட்டி, உலையில் வைத்துச் செம்பு உருகி ஒட்டும்படி செய்வது. அமெரிக்காவில் பண்டி கம்பெனி 1920களில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை. பலமானது, மலிவானது, ஈரத்துக்கு ஆகாதது. வெறும் செம்புக் குழாய் வளைக்க மிருது. ஆனால் அதிர்வில் நாளாக ஆக இறுகி வெடிக்கும் குணம் அதற்கு உண்டு. சில நாடுகளில் பிரேக்குக்கு அதை ஏற்பதே இல்லை. எவர்சில்வர் துருப்பிடிக்காதுதான். வாய் மடிக்க அடம்பிடிக்கும்; இருக்கையில் சரியாக உட்காராமல் வியர்த்துக்கொண்டே இருக்கும். நாலாவது, செம்பு-நிக்கல் கலவை. நூற்றுக்குத் தொண்ணூறு செம்பு, பத்து நிக்கல், கூடவே கொஞ்சம் இரும்பும் மாங்கனீசும். கப்பலில் கடல்தண்ணீர் ஓடும் குழாய்களுக்கு இதைத்தான் போடுகிறார்கள். 1989 வரிசையின் பழைய 20 சென் நாணயம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நிக்கல் கூடுதலாகச் சேர்ந்த, இந்தக் கலவையின் உறவுக்காரன் அது.

பனிக்காலத்தில் சாலைக்கு உப்புக் கொட்டும் சுவீடனில், வால்வோ 1976இலிருந்து இந்தக் கலவைக்கு மாறியது. நம் நாட்டின் முதல் காடித் தொழிற்சாலையும் வால்வோவுடையதே: ஷா ஆலாம் பத்து தீகாவில் 1967இல் தொடங்கிய சுவீடிஷ் மோட்டார் அசெம்பிளீஸ். அங்கே பனி உப்பு, இங்கே கடல் உப்பு. அண்ணனுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. கையால் வளைகிறது, வாய் வெடிக்கவில்லை, போட்டுக் கொடுத்தது எதுவும் திரும்பி வரவில்லை என்பது அவருடைய ஆதாரம். அதுவும் ஆதாரம்தான்.

செம்புநிறக் குழாயைப் பார்த்ததும் சுத்த அசல்காரர்களுக்கு முகம் சுளிக்கிறது. கம்பெனி போட்டது சாம்பல் நிறமாயிற்றே. சிலர் எஃகையே போட்டுக்கொள்கிறார்கள். அடிக்கடி படுத்துப் பார்க்கத் தயாராக இருந்தால் அதுவும் சரிதான். எனக்குப் பொறுக்காதது மூன்றாவது வகை: கலவைக் குழாயைப் போட்டுவிட்டு, அது தெரியாதபடி வெள்ளிப் பெயின்ட் அடிப்பது.

ஜார்ஜ்டவுன் வீட்டுச் சுவர் இதில் நல்ல பாடம். அந்தச் செங்கல் சுவர்கள் தரையிலிருந்து ஈரத்தை இழுப்பவை. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே ஆவியாக விடும். 20ஆம் நூற்றாண்டில் பலம் என்று நம்பி அதன்மேல் சிமென்ட் பூசினார்கள். ஈரம் உள்ளே அடைபட்டு, உப்பு படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கியது. ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை நிறுவனம் சுண்ணாம்புக்குத் திரும்புங்கள் என்று பயிற்சி நடத்திச் சொல்வது இதனால்தான். ஆகச் சுவரில் பழைய பொருள் சரி, புதியது கேடு. குழாயில் பழைய பொருள் கேடு, புதியது சரி. இரண்டையும் தீர்மானிப்பது தண்ணீர். பொருளின் வயதைக் கேட்டு ஒரு பயனும் இல்லை. இந்த ஊர் ஈரத்தில் அது என்ன செய்யும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கட்டடக் காப்புக்காரர்கள் வேதமாகக் கொள்ளும் 1964இன் வெனிஸ் சாசனத்தை எடுத்துப் பார்த்தால் அதுவும் சுத்த அசல்காரர்கள் பக்கம் நிற்கவில்லை. பழைய முறை போதாத இடத்தில், அறிவியலும் அனுபவமும் நிரூபித்த புதிய முறையைக் கையாளலாம் என்கிறது. மாற்றி வைத்த பகுதி முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் அசலிலிருந்து பிரித்து அறியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது. பழைய வண்டிகளுக்கென்றே ஃபீவா என்ற உலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனமும் மாற்றியதை அடையாளம் தெரிய வை, எழுதி வை என்ற அதே வழியில்தான் போகிறது. இந்த அளவுகோலில் செம்புநிறக் குழாய்க்கு நூற்றுக்கு நூறு. அது போகிற வழி 1948இல் வரைந்த வழி. பொருள் வேறு என்பதை நிறமே சொல்லிவிடுகிறது. வெள்ளிப் பெயின்ட் அடித்தவர்தான் இரண்டு சாசனத்தையும் மீறியவர். அடுத்த முறை அடியில் படுக்கிற மெக்கானிக்கையும் ஏமாற்றியவர்.

கட்டாயத்தின்பேரில் மாற்றுப்பொருள் தேடியவர்கள் கதை இதற்குள் வர வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பின் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் ஏ-40 ஆஸ்டின்களும் மோரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். என்ஜின் இருமிக்கொண்டே ஓடும். பிரேக்கில் அந்த விளையாட்டு செல்லாது. ரப்பர் கிண்ணம் இருக்கும் பம்பில் மண்ணெண்ணெயோ என்ஜின் ஆயிலோ பட்டால் ரப்பர் ஊதிப் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். எந்த இடத்தில் வளைந்து கொடுக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்பதை அந்த ஊர் மெக்கானிக்குகள் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. அதே இலங்கையிலிருந்துதான் 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ல்ஸ் வேரின் முயற்சியில், மைனருக்கான உதிரிப்பாகங்கள் செய்து கப்பலில் இங்கிலாந்துக்குப் போயின. பிறந்த வீட்டுக்கே சீர் போனது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 1962இல் டிவிஎஸ்ஸும் இங்கிலாந்தின் கெர்லிங்கும் சேர்ந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியில் பிரேக் செய்யத் தொடங்கி இரண்டு தலைமுறைக்கு மேலாகிறது.

ஒற்றைச் சுற்றையே இரட்டைச் சுற்றாக மாற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கா 1960களின் பிற்பாதியில் புதுக் காடிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. மாற்றுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் பினாங்குப் பாலம் கடக்கிறவராக இருந்தால் மாற்றத்தான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெருவுக்கு வரும் என் வண்டியில் நான் மாற்றவில்லை. அதற்கு ஈடாகக் குழாயும் ஹோஸும் ஆயிலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும், கைப்பிரேக் தனியாகவே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். சிலிக்கான் ஆயில் போட்டால் ஈரம் உறிஞ்சாதே என்பார்கள். உண்மை, பெயின்டையும் கெடுக்காது. ஆனால் எப்படியோ உள்ளே வந்த தண்ணீர் அதில் கலக்காமல் துளியாக இறங்கி, குழாயின் தாழ்ந்த இடத்தில் தேங்கி அரிக்கும். அண்ணனும் நானும் டாட் 4 கட்சி. மாற்றுவதை மறக்காத ஆளுக்கு அது போதும்.

குழாயைப் பூட்டும்போது அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்லை, வெகுநேரம். ஒவ்வொரு நட்டும் விரலாலேயே கடைசிப் புரிவரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் குழாயின் வளைவு தப்பு என்று கழற்றிக் கையால் கொஞ்சம் திருத்துகிறார். கிளிப்பு ஒவ்வொன்றுக்கும் உள்ளே ரப்பர். எல்லாம் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர், அதுவும் அளவாக. பிறகு ஏர் எடுக்கிறது. வலதுபக்கம் பம்பு இருக்கும் நம் வண்டியில் இடது பின்சக்கரம்தான் தூரம். அங்கிருந்து தொடங்கி நெருங்கி வர வேண்டும். நான் மிதிக்க, அவர் கீழே திருகைத் திறந்து மூட, கண்ணாடிப் புட்டிக்குள் குமிழி வருவது நின்றது. பெடல் பாதியில் கல்லாக நின்றது. முழு பலத்தோடு மிதித்துப் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் பழைய செய்தித்தாளால் ஒற்றிப் பார்த்தார். தாள் காய்ந்தே இருந்தது.

கடைசியாகப் பிரேக் ஆயில் டப்பாவின் மூடித் தகட்டில் ஒரு துண்டு வெட்டினார். ஆணியால் குத்திக் குத்தி, குழாய் செம்பு-நிக்கல், ஆயில் டாட் 4, புரி 3/8, ஆண்டு என்று பொறித்து, மாஸ்டர் பம்பின் பக்கம் கம்பியால் கட்டினார். ஆயில் மாற்றும் தேதிகள் வரிசையாக எழுதக் கீழே பாதித் தகட்டைக் காலியாக விட்டிருந்தார்.